‘ஏலியன் 3’: விழிக்காமலே போன நியூட்

‘ஏலியன்’ (1979), ‘ஏலியன்ஸ்’ (1986) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்துவிட்டு, மூன்றாவது படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். யாரைக் கேட்டாலும் முகம் சுளிக்கிறார்கள், அது அவ்வளவு மோசமா, எங்கே தவறியது, பார்க்காமல் விட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எதுவும் தெரியாமல் பார்க்க விரும்பினால் இங்கேயே நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் கருத்தில் ‘ஏலியன் 3’ மோசமான படமே அல்ல, மனத்தை உடைத்த படம். மோசமான படமாக இருந்திருந்தால் முப்பது ஆண்டுகளில் அதை மறந்திருப்போம்.

இரண்டாவது படம் முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றாவதன் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. தொடரின் நாயகி ரிப்ளி, 57 ஆண்டுகள் விண்வெளியில் உறங்கிக் கிடந்துவிட்டுத் திரும்பியவள். அந்த இடைவெளியில் அவளுடைய சொந்த மகள் முதுமையடைந்து இறந்தே போயிருந்தாள். (இந்தக் காட்சி திரையரங்குப் பதிப்பில் இல்லை, பிறகு வந்த நீண்ட பதிப்பில்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தது குறுகிய பதிப்பு என்றால் இது தெரிந்திருக்காது.) அந்தத் தாய்க்கு, மனிதர்களை வேட்டையாடும் வேற்றுக்கோள் உயிரிகளால் ஊரே அழிந்த ஒரு குடியிருப்பில் காற்றுக்குழாய்களுக்குள் ஒளிந்து உயிர் பிழைத்திருந்த நியூட் என்ற சிறுமி கிடைக்கிறாள். படத்தின் இரண்டாம் பாதி முழுக்க அந்த ஒரு குழந்தையைத் திரும்ப எடுத்து வருவதற்காகத்தான். கடைசியில் நியூட் அவளை ‘அம்மா’ என்று அழைத்துக் கட்டிக்கொள்கிறாள். கெட்ட கனவுகளுக்குப் பயந்து தூங்க மறுத்த குழந்தை அவள். உறக்கப் பெட்டிக்குள் படுக்கும் முன் அவள் கேட்கும் கேள்வி, இனிமேல் கனவு காணலாமா என்பதுதான். இரண்டு பேருமே காணலாம் என்று நினைக்கிறேன் என்கிறாள் ரிப்ளி. இருவரும் கண்ணை மூடுகிறார்கள். படம் முடிகிறது.

இப்போது மூன்றாவது படம். முதலில் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் வழக்கமான முரசு இசை. அது முடியவேண்டிய இடத்துக்கு ஒரு சுரம் முன்னால் அப்படியே நின்றுவிடுகிறது. நின்ற சுரம் கசந்து, நீண்டு, ஒரு முனகலாக மாறுகிறது. இசையமைப்பாளர் எலியட் கோல்டன்தால் அந்தச் சில விநாடிகளிலேயே சொல்லிவிடுகிறார்: வீடு வந்து சேரமாட்டீர்கள் என்று. பிறகு தலைப்பு எழுத்துகள் ஓடுகின்றன. எழுத்துகளுக்கு நடுவே துண்டு துண்டாகப் படிமங்கள். ஒரு முட்டை. விரிசல் விடும் கண்ணாடி. வெள்ளைத் துணியில் பரவும் இரத்தம். எக்ஸ்ரே திரையில் ஒரு முகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் விரல்கள். தீ. எச்சரிக்கைக் குரல். உறங்குபவர்களைச் சுமந்துகொண்டு உயிர்காப்புக் கலம் தாய்க்கப்பலிலிருந்து கழன்று ஏதோ ஒரு கோளில் விழுகிறது. தலைப்புகள் முடிந்து சற்று நேரத்தில் தெரிந்துவிடுகிறது, நியூட் தன் பெட்டிக்குள்ளேயே மூழ்கி இறந்துவிட்டாள். வீரன் ஹிக்ஸை ஒரு உலோகத் தண்டு துளைத்துவிட்டது. இயந்திர மனிதன் பிஷப் சிதைந்து கிடக்கிறான். ரிப்ளி மட்டும் மூச்சு விடுகிறாள்.

படக்கலை என்ற அளவில் அந்தத் தொடக்கம் அபாரமானது. ஆனால் ஒரு படம் முழுக்க நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிய குழந்தையை அது தலைப்பு எழுத்துகளின் பின்னணியில் கொன்றுவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘பிடித்த பாத்திரங்களைக் கொன்றுவிட்டார்கள்’ என்பது என் புகார் அல்ல. இந்தத் தொடரில் சாவு புதிதல்ல. முதல் படத்தில் ரிப்ளியையும் ஒரு பூனையையும் தவிர எல்லோரும் சாகிறார்கள். ஆனால் அங்கே கப்பல் தலைவன் டாலஸ் காற்றுக்குழாயில் தவழ்ந்து போகும்போது நாமும் கூடவே தவழ்கிறோம். அவன் பயந்தான், தயங்கினான், போனான், திரும்பவில்லை. நியூட்டுக்கும் ஹிக்ஸுக்கும் அந்த நியாயம்கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் எதையும் எதிர்கொள்ளவில்லை, எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, கண்கூடத் திறக்கவில்லை. எழுதியவர்களுக்கு ரிப்ளி தனியாளாக வேண்டியிருந்தாள், மற்றவர்கள் இடைஞ்சலாக இருந்தார்கள், அகற்றிவிட்டார்கள். பார்வையாளன் அதை உடனே உணர்ந்துவிடுகிறான். ஹிக்ஸாக நடித்த மைக்கேல் பீனை மூன்றாவது படத்துக்கு அழைக்கவே இல்லை. அவருடைய புகைப்படம் மட்டும் ஒரு கணினித் திரையில் சில விநாடி தெரிகிறது. அதற்கே அவர் தனியாகப் பணம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவது படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் கேமரனும் இந்த முடிவை ரசிகர்களின் முகத்தில் அறைந்ததற்கு ஒப்பாகவே பேசியிருக்கிறார்.

இந்த உயிரியின் முட்டையிலிருந்து வருவது மனிதனின் முகத்தைப் பற்றி உடலுக்குள் கருவை வைக்கும், கரு உடலைக் கிழித்துக்கொண்டு பிறக்கும். அந்த முட்டை எப்படிக் கப்பலுக்குள் வந்தது என்ற கேள்வியைப் பலரும் எழுப்புவார்கள். முந்தைய படத்தில் ராணி உயிரி தன் முட்டைப் பையைக் கிழித்துவிட்டுத்தான் ரிப்ளியைத் துரத்தியது. பிறகு முட்டையிட அதற்கு வழி ஏது? சரியான கேள்விதான், படத்தில் பதில் இல்லை. ஆனாலும் அது சின்ன ஓட்டை. மனம் ஒரு கதையை ஏற்றுக்கொண்டுவிட்டால் இதைவிடப் பெரிய ஓட்டைகளையும் மன்னிக்கும்.

இப்படி ஒரு தொடக்கத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் நான் விரிவாகச் சொல்ல நினைப்பது. ‘ஏலியன்ஸ்’ ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்று இரண்டை வென்ற படம். ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவருக்குச் சிறந்த நடிகை பரிந்துரையே கிடைத்தது, அறிவியல் புனைவில் அது அன்றைக்கு அபூர்வம். அடுத்த பாகம் வேண்டும் என்பதில் ஸ்டூடியோவுக்குச் சந்தேகமே இல்லை. கதைதான் இல்லை.

முதலில் எழுதியவர் நாவலாசிரியர் வில்லியம் கிப்சன். அவருடைய திரைக்கதையில் ரிப்ளி பெரும்பாலும் நினைவிழந்து கிடக்கிறாள். ஹிக்ஸும் பிஷப்பும்தான் கதையை நடத்துகிறார்கள். இரண்டு வல்லரசுகள் அந்த உயிரியை ஆயுதமாக்கப் போட்டி போடுகின்றன. பனிப்போர் முடியும் தறுவாயில் எழுதப்பட்ட பனிப்போர்க் கதை. அது கைவிடப்பட்டது. பிறகு எரிக் ரெட் ஒன்று எழுதினார். அதுவும் போயிற்று. டேவிட் டூஹி சிறைக்கூடம் ஒன்றில் நடக்கும் கதையை எழுதினார், அதில் ரிப்ளியே இல்லை. ஸ்டூடியோவின் தலைவர் ரிப்ளி இல்லாமல் படமே வேண்டாம் என்றார். இயக்குநராக ஒப்பந்தமாகியிருந்த ரென்னி ஹார்லின் காத்திருந்து அலுத்து விலகிவிட்டார்.

அடுத்து வந்தவர் நியூசிலாந்து இயக்குநர் வின்சென்ட் வார்டு. அவர் கொண்டுவந்த கற்பனையை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கம் வருகிறது. விண்வெளியில் மிதக்கும் ஒரு மர உலகம். நவீனத் தொழில்நுட்பத்தை வெறுத்து ஒதுங்கிய துறவிகள் அங்கே ஒரு மடம் அமைத்து வாழ்கிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சம், நூலகம், கோதுமை வயல். அந்த மடத்தின்மேல் ரிப்ளியின் கலம் வந்து விழுகிறது. கூடவே வந்த உயிரியைத் துறவிகள் சாத்தானாகப் பார்க்கிறார்கள். ஒரு பெண் வந்ததால்தான் இந்தக் கேடு என்கிறார்கள். இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில் அரங்குகள் எழும்பத் தொடங்கியிருந்தன. அதற்குப் பிறகுதான் ஸ்டூடியோவுக்குச் சந்தேகம் வந்தது: விண்வெளியில் மரம் எங்கிருந்து வந்தது, துறவிகள் எதற்கு? மாற்றச் சொன்னார்கள். வார்டு வெளியேறினார்.

அரங்குகள் நிற்கின்றன, வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது, செலவு ஏறிக்கொண்டே போகிறது, இயக்குநரும் இல்லை, திரைக்கதையும் இல்லை. தயாரிப்பாளர்கள் வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் உட்கார்ந்து, டூஹியின் சிறையையும் வார்டின் மடத்தையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு கதை எழுதினார்கள். துறவிகள் ஆயுள் கைதிகளானார்கள். மடம், ஈயம் உருக்கும் பழைய ஆலையானது. அதுதான் நீங்கள் பார்க்கப்போகும் சிறைக்கோள், ஃபியோரினா 161. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒன்று புலப்படும். இந்தப் படத்தில் அழகாக இருக்கும் ஒவ்வொன்றும் அந்த மர மடத்தின் மிச்சம்தான். மழித்த தலைகள், பழுப்பு அங்கிகள், பிரம்மச்சரிய விரதம், போதகரைப் போலப் பேசும் தலைவன் டில்லன், உயிரியை ‘டிராகன்’ என்று அழைத்துக் கும்பிடும் மனநிலை பிறழ்ந்த கைதி, எல்லாமே.

இதற்கிடையில் ஃபாக்ஸ் நிறுவனம் 1991-இல் ஒரு முன்னோட்டத்தையும் வெளியிட்டது. விண்வெளியில் உன் அலறல் யாருக்கும் கேட்காது என்பது முதல் படத்தின் விளம்பர வாசகம். பூமியில் எல்லோருக்கும் கேட்கும் என்றது இந்த முன்னோட்டம். அதாவது உயிரி பூமிக்கு வருகிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். வந்த படத்தில் பூமியே இல்லை. 1992 மே மாதம் திரையரங்கில் உட்கார்ந்தவர்களில் பலர் வேறு ஒரு படத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த நெருக்கடிக்குள் கொண்டுவந்து தள்ளப்பட்டவர் டேவிட் ஃபின்ச்சர். விளம்பரங்களும் மடோனா போன்றவர்களின் பாடல் காணொளிகளும் எடுத்துப் பெயர் வாங்கியிருந்தார், ஆனால் ஒரு முழுநீளப் படம்கூட இயக்கியதில்லை. 1991 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு வயது 28. திரைக்கதை முடிந்திருக்கவில்லை. அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்கு எடுக்க வேண்டிய நிலை. ‘பிளேட் ரன்னர்’ படத்தை ஒளிப்பதிவு செய்த ஜோர்டன் க்ரோனன்வெத்தான் முதலில் கேமராவைப் பிடித்தார். பார்க்கின்சன் நோய் முற்றி இரண்டே வாரங்களில் அவர் விலக நேர்ந்தது. அலெக்ஸ் தாம்சன் பொறுப்பேற்றார். ஸ்டூடியோ ஆட்கள் ஒவ்வொரு முடிவிலும் தலையிட்டார்கள். லண்டன் படப்பிடிப்பை இடையிலேயே நிறுத்தி எல்லோரையும் அமெரிக்காவுக்குத் திரும்ப அழைத்தார்கள், பிறகு சில காட்சிகளை லாஸ் ஏஞ்சலஸில் எடுத்துச் சேர்த்தார்கள். இறுதிப் படத்தொகுப்பு முடியும் முன்பே ஃபின்ச்சர் வெளியே போய்விட்டார். இந்தப் படத்தைத் தன்னைவிட அதிகமாக வெறுப்பவர் யாருமில்லை என்று பல ஆண்டுகள் கழித்தும் அவர் சொன்னார். அவருடைய அடுத்த படம் ‘செவன்’ வெளிவந்தபோது, கையைக் கட்டாமல் விட்டால் இவரால் என்ன முடியும் என்று உலகம் தெரிந்துகொண்டது.

நான் ஃபின்ச்சரைக் குற்றம் சொல்லமாட்டேன். சொல்ல முடியாது என்பதற்கு இந்தப் படத்திலேயே சான்று இருக்கிறது. உயிர் பிழைத்து எழுந்த ரிப்ளிக்கு ஒரு சந்தேகம்: நியூட்டின் உடலுக்குள் அந்த உயிரியின் கரு இருந்தால்? சிறையின் மருத்துவர் க்ளெமன்ஸிடம், காலரா இருக்கலாம், உடலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பொய் சொல்கிறாள். காலரா அழிந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் செய்கிறார். குழந்தையின் உடலைப் படம் நமக்கு அதிகம் காட்டுவதில்லை. கருவிகள் தட்டில் உரசும் ஓசையும், எலும்பு பிளக்கும் ஓசையும், அவற்றைக் கேட்டுக்கொண்டு நிற்கும் ரிப்ளியின் முகமும்தான். பார், ஆனால் பார்க்காதே என்று அவள் கண்களே அவளோடு சண்டை போடுகின்றன. உள்ளே உயிரி இல்லை. நுரையீரலில் நீர் மட்டும். தன் மகளாக ஏற்றுக்கொண்டவளைத் தானே அறுக்கச் சொன்ன தாய் அவள். சிகோர்னி வீவர் இந்தத் தொடரில் செய்த மிகச் சிறந்த நடிப்பு இந்தச் சில நிமிடங்கள்தான் என்பேன். அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை தந்த இரண்டாவது படத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதை அடுத்து உலைக்களத்தில் தகனம். வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு உடல்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சிறைக் கண்காணிப்பாளர் சம்பிரதாயமாக நாலு வரி படித்து முடிக்கிறார். அப்போது யாரும் கேட்காமலே டில்லன் பேசத் தொடங்குகிறான். குற்றமற்றவர்கள் ஏன் தண்டிக்கப்படுகிறார்கள், இந்தப் பலி எதற்கு, இந்த வலி எதற்கு என்று கேட்கிறான். கொலையும் வன்புணர்வும் செய்தவன், முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காக இதைக் கேட்கிறான். அவன் பேசப் பேச, வேறோர் இடத்தில் ஒரு நாயின் உடலைக் கிழித்துக்கொண்டு உயிரி பிறக்கிறது. ஒவ்வொரு சாவுக்குள்ளும் ஒரு புதிய உயிர் உண்டு என்று டில்லன் முடிக்கும் கணத்தில் உடல்கள் நெருப்புக்குள் விழுகின்றன. ரிப்ளியின் மூக்கிலிருந்து ஒரு கீற்று இரத்தம் வழிகிறது. அவள் உள்ளேயும் ஒன்று வளர்கிறது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

என் ஆதங்கம் இதுதான். நியூட்டின் சாவைக் கதையாக்கத் தெரிந்தவர் இருந்தார். தலைப்பு எழுத்துகளில் கொன்றவளுக்காக அழவைக்க அவரால் முடிந்தது. அந்தத் துக்கத்தின் மேலேயே மொத்தப் படத்தையும் கட்டியிருக்கலாம். ஆனால் தகனம் முடிந்த கொஞ்ச நேரத்தில் துக்கம் முடிந்துவிடுகிறது, வேட்டை தொடங்கிவிடுகிறது.

வேட்டைக்கு முன் இன்னொரு இழப்பு. ரிப்ளிக்குத் துணையாக இருக்கக்கூடிய ஒரே மனிதர் க்ளெமன்ஸ். சார்ல்ஸ் டான்ஸ் நடித்தது. தான் எப்படிக் கைதியானேன் என்று ஒரு கட்டத்தில் சொல்கிறார்: போதைக்கு அடிமையாகியிருந்த மருத்துவராக, ஒரு விபத்தில் காயமடைந்தவர்களுக்கு வலிநிவாரணியைத் தவறான அளவில் கொடுத்து 11 பேரைச் சாகடித்தவர். சொல்லி முடித்து அவள் கையில் ஊசி போடுகிறார். மறுகணம் உயிரி அவரைக் கொன்றுவிடுகிறது. அதே தந்திரம்தான்: நெருக்கம் கொள்ளவைத்து உடனே பறிப்பது. முதல் முறை அதிர்ச்சி. இரண்டாம் முறை, இனி இந்தப் படத்தில் யார்மேலும் அன்பு வைக்க வேண்டாம் என்று மனம் தாழிட்டுக்கொள்கிறது. பிறகு படத்தைத் தூக்கி நிறுத்துவது கடினம்.

கடைசி அரை மணி நேரத்தில் தாழ்வாரங்களில் ஓட்டம். உயிரியை ஈய வார்ப்புக்குழிக்குள் இழுத்துவர வேண்டும் என்பது திட்டம். எல்லோரும் மொட்டைத் தலை, எல்லோருக்கும் ஒரே அங்கி, எல்லாக் கதவுகளும் ஒன்றுபோல. யார் ஓடுகிறார்கள், யார் செத்தார்கள், எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பது புரிவதே இல்லை. பீட் பாஸில்த்வைட் போன்ற அருமையான நடிகர்கள் இருந்தும் பெயரோடு மனத்தில் நிற்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். நாலு காலில் ஓடும் உயிரியைச் சிறிய பொம்மையாகச் செய்து, கம்பிகளால் இயக்கி, நீலத்திரைமுன் எடுத்துப் பிறகு ஒட்டினார்கள். பல இடங்களில் ஒட்டு அப்பட்டமாகத் தெரிகிறது, உயிரியைச் சுற்றிப் பச்சை விளிம்பு. இத்தனைக்கும் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது இந்தப் படம். மருத்துவ அறையில் உயிரியின் எச்சில் வழியும் முகம் ரிப்ளியின் கன்னத்தருகே வந்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி முழு அளவு உடையோடு எடுக்கப்பட்டது. அங்கே மயிர்க்கூச்செறிகிறது.

ரிப்ளி தன் உடலுக்குள் ராணியின் கரு இருப்பதை அறிந்து, அதை ஆயுதமாக்கத் துடிக்கும் தன் பழைய நிறுவனத்தின் கையில் அது சிக்கக்கூடாது என்று உருகிய உலோகக் கடலில் குதிக்கிறாள். திரையரங்குப் பதிப்பில், விழும்போதே கரு மார்பைப் பிளந்து வெளிவருகிறது. அதை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறைகிறாள். பத்து மாதங்களுக்கு முன்புதான் ‘டெர்மினேட்டர் 2’ வெளிவந்திருந்தது. அங்கேயும் கதாநாயகன் உருகிய உலோகத்துக்குள் இறங்கித்தான் மறைகிறான். அந்த ஒற்றுமையும் இந்த முடிவின் வலிமையைக் குறைத்தது.

2003-இல் டிவிடி தொகுப்புக்காக ஏறத்தாழ 145 நிமிடம் ஓடும் நீண்ட பதிப்பு ஒன்றை, ஃபின்ச்சரின் பழைய குறிப்புகளைக் கொண்டு தயாரித்தார்கள். அவர் அதில் பங்கேற்க மறுத்துவிட்டார். திரையரங்குப் பதிப்பைவிட அரை மணி நேரம் அதிகம். நாய்க்குப் பதில் இங்கே ஒரு எருது. முதலில் கைதிகள் உயிரியைப் பிடித்து அடைத்தே விடுகிறார்கள்; அதை ‘டிராகன்’ என்று வணங்கும் கைதி கோலிக்தான் திறந்துவிடுகிறான். திரையரங்குப் பதிப்பில் பாதியில் காணாமல் போகும் அந்த மனிதனுக்கு இங்கே ஒரு முழுக் கதை இருக்கிறது. கைதிகளுக்கு முகம் கிடைக்கிறது. முடிவில் ரிப்ளியின் மார்பிலிருந்து எதுவும் வெளிவருவதில்லை. கைகளை விரித்தபடி பின்னால் சாய்கிறாள், அவ்வளவுதான். அதுவே போதும். குழப்பமான ஓட்டமும் பச்சை விளிம்பும் இதிலும் பெரிதாக மாறவில்லை. நியூட்டும் திரும்பி வரவில்லை. ஆனால் இது ஒரு துக்கப் படம் என்பது இந்தப் பதிப்பில்தான் தெரிகிறது.

பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக இந்தப் படத்தை அழிக்கப் பார்த்தார்கள். 1997-இல் நான்காவது பாகம், இருநூறு ஆண்டுகள் கழித்து ரிப்ளியைப் படியாக்கம் (குளோனிங்) செய்து எழுப்பியது. 2015-இல் இயக்குநர் நீல் ப்ளோம்கேம்ப், ஹிக்ஸை மீண்டும் கொண்டுவரும் படம் ஒன்றைத் திட்டமிட்டார், அது கைவிடப்பட்டது. 2019-இல் கிப்சனின் பழைய திரைக்கதை ஒலிநாடகமாக வந்தது. ஹிக்ஸுக்கு மைக்கேல் பீனே குரல் கொடுத்தார், பிஷப்புக்கு லான்ஸ் ஹென்ரிக்சன். முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தத் தொடக்கக் காட்சியை யாராலும் செரிக்க முடியவில்லை.

ஆகவே விட்டுவிடாதீர்கள், பாருங்கள். நீண்ட பதிப்பையே முதலில் பாருங்கள். ஆனால் இரண்டாவது படம் முடிந்த அதே இரவில் வேண்டாம். ஒரு வாரம் போகட்டும். நியூட் அந்த ஒரு வாரமாவது உறங்கட்டும்.